அறப்புண்ணும் ஆற்றுவாரும்



போர்க்களத்தில் பட்ட புண்ணைத் தமிழ் இரண்டாகப் பகுத்துப் பெயரிட்டது. மார்பில் ஏற்றது விழுப்புண். முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது நாணம். விழுப்புண் படாத நாள்களை வீணே கழிந்த நாள்களாக வீரன் எண்ணுவான் என்று திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் கூறுகிறது. மகன் புறமுதுகிட்டான் என்று பிறர் சொல்லக் கேட்ட முதியவள் ஒருத்தி, அது மெய்யாயின் அவன் பாலுண்ட மார்பையே அறுத்தெறிவதாகச் சூளுரைத்து, வாளோடு களம் புகுந்த செய்தியைக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் புறநானூற்றில் பாடியுள்ளார்.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது புண் ஒன்று உண்டு. அது உடம்பில் தழும்பு விடுவதில்லை. கொன்றவன் நெஞ்சிலும், கொல்வதைத் தடுக்க இயன்றும் தடுக்காது நின்றவன் நெஞ்சிலும், கண்ணால் கண்டு வாய்மூடி வந்தவன் நெஞ்சிலும் அது தங்கிவிடுகிறது. 'நான் அஞ்சினேன்' என்பது அதன் குரல் அன்று. 'நான் தவறு செய்தேன்' என்பதே அதன் குரல். மேலைநாட்டு உளமருத்துவர்கள் அண்மைக் காலத்தில் இதற்குத் தனிப்பெயர் இட்டனர். அப்பெயரைத் தமிழில் 'அறப்புண்' என்று வழங்கலாம். விழுப்புண்ணையும் புறப்புண்ணையும் அறிந்த மொழிக்கு அறப்புண் அயலாகத் தோன்றாது.

இப்பெயரைப் பரப்பியவர் ஓர் இலக்கிய வாசகர் என்பது இவ்வவைக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்கப் படைவீரர்களுக்குப் போஸ்டன் நகரில் மருத்துவம் செய்துவந்த ஜோனதன் ஷே, 1994-ஆம் ஆண்டு 'வியட்நாமில் அக்கிலீஸ்' என்னும் நூலை வெளியிட்டார். தம்மிடம் வந்தோர் சொன்ன கதைகளை ஹோமரின் இலியாத்தோடு ஒப்புநோக்கிய நூல் அது. அக்கிலீசுக்கு உரிய பரிசுப்பெண்ணைத் தலைவனாகிய அகமெம்னான் பறித்துக்கொண்டபோது நிகழ்ந்தது என்ன? அறம் இது என்று வீரன் நம்பியிருந்ததை, அவனை ஆளும் அதிகாரத்தில் இருப்பவனே மீறினான். அந்த முறிவிலிருந்தே வீரனின் குணச்சிதைவு தொடங்குகிறது என்றார் ஷே. 2009-இல் பிரெட் லிட்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் இக்கருத்தை விரித்தனர். தலைவன் செய்த துரோகம் மட்டுமன்று, தானே செய்ததும், தடுக்கத் தவறியதும், கண்டதும் இப்புண்ணை உண்டாக்கும் என்றனர்.

போரினால் விளையும் அச்சநோய்க்கு அமெரிக்க உளமருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டே தன் நோய்ப்பட்டியலில் இடம் கொடுத்துவிட்டது. உறக்கமின்மைக்கு மருந்து உண்டு. வெடியோசை கேட்டு நடுங்கும் உடம்பைப் பழக்கிச் சீர்செய்யவும் வழி உண்டு. ஆனால், 'செய்யத் தகாததைச் செய்தேன்' என்பவனுக்கு எந்த மாத்திரையைக் கொடுப்பது? அவன் சொல்வது நோயின் அறிகுறியா, உண்மையா? பல வேளைகளில் அது உண்மை. அதனால்தான் மருத்துவமனையில் தொடங்கிய இவ்வாராய்ச்சி, சுற்றிச் சுற்றிக் கோயில் வாயிலிலும் தேவாலய வாயிலிலும் வந்து நிற்கிறது.

தமிழ் இலக்கியம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடுவோர்க்கு முதலில் கிடைப்பது ஏமாற்றமே. களத்தில் பட்டவனுக்கு நடுகல் உண்டு. பெயரும் பீடும் எழுதி, பீலி சூட்டி, கள் படைத்து வணங்கும் முறை உண்டு. மீண்டு வந்தவனுக்குப் பரிசிலும் பூவும் உண்டு. மீண்டு வந்து உறங்காமல் கிடந்தவனைப் பற்றிய பாட்டு அரிது. இது தமிழுக்கு மட்டும் உரிய குறையன்று. 1982-இல் வாஷிங்டன் நகரில் எழுப்பிய வியட்நாம் நினைவுச் சுவரில் 58,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை மாண்டோர், காணாமற்போனோர் பெயர்கள். அக்கருங்கல்லின் முன் நின்று அழுகின்ற நரைத்த தலையினர் பெயர் அதில் இல்லை.

எனினும் சிலப்பதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. வடவாரிய மன்னரை வென்று, கனக விசயர் முடித்தலையில் பத்தினிக்கல்லை ஏற்றி, முப்பத்திரண்டு திங்களுக்குப் பின் செங்குட்டுவன் வஞ்சி திரும்புகிறான். தவவேடம் பூண்டு தப்பியோடியவர்களைப் பிடித்து வந்தது வெற்றியோ என்று சோழனும் பாண்டியனும் இகழ்ந்ததாகச் செய்தி வருகிறது. அரசன் சினந்து எழுகிறான். அப்போது மாடலன் என்னும் மறையோன் எழுந்து பேசுகிறான். ஐம்பதாண்டு ஆண்ட பின்னும் களங்களில் குருதி வேள்வி செய்தாயே அன்றி அற வேள்வி செய்தாயல்லை, நாள்கள் நில்லா, உடம்பு நிலையாது என்கிறான். சினம் தணிந்த மன்னன் சிறையிலிருந்த ஆரிய அரசரை விடுவித்து, வேளாவிக்கோ மாளிகையில் தங்கவைத்துப் போற்றுமாறு ஆணையிடுகிறான்.

மாடலன் மன்னனைப் புகழவில்லை. பழித்துத் துரத்தவும் இல்லை. செய்தது இது, செய்யாதது இது என்று நேர் நின்று சொன்னான். பின், செய்யத் தக்கது ஒன்றையும் காட்டினான். அறப்புண் ஆற்றுவார்க்கு வேண்டிய இலக்கணம் ஏறத்தாழ இதுவே.

ஆனால் நடுகற் காதைக்கு முன் நிற்கும் நீர்ப்படைக் காதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அங்கே கங்கைக்கரைப் பாசறையில் செங்குட்டுவன் தன் வீரரை அழைத்துப் பொன்னால் செய்த வாகைப்பூச் சூட்டுகிறான். ஆக, மன்னனுக்கு மாடலன் கிடைத்தான். மறவனுக்குப் பொற்பூக் கிடைத்தது. அந்த மறவனும் அதே களத்தில்தான் நின்றான். அவனுக்கு எந்த மாடலன் வந்தான் என்று காப்பியம் சொல்லவில்லை.

பாரதத்திலும் இந்நிலையே. போர் முடிந்து, கர்ணன் தன் தமையன் என்று அறிந்த தருமன், வென்ற நாட்டை வேண்டாது காடு செல்ல எண்ணுகிறான். தம்பியரும் திரௌபதியும் சுற்றியிருந்து, நீ செய்தது அரச தருமமே, வருந்தற்க என்று மாறி மாறிக் கூறுகின்றனர். அவன் ஆறவில்லை. கண்ணனும் வியாசரும் பேசி, ஒருவாறு முடி சூட்டி, அம்புப்படுக்கையில் கிடக்கும் பீட்டுமனிடம் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. எய்வித்தவனும் எய்யப்பட்டவனும் நேருக்கு நேர் அமர்ந்து அறம் பேசியதே வடமொழிச் சாந்தி பருவம். தமிழர் பெரிதும் போற்றும் வில்லிபாரதமோ சௌப்திக பருவத்தோடு, பத்தாம் பருவத்திலேயே நின்றுவிடுகிறது. பதினெட்டுப் பருவங்களையும் தமிழில் பாடி நிறைவு செய்ய நல்லாப்பிள்ளை பிறக்கும் வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. போரை முழுவதும் பாடிவிட்டுப் புலம்பலின் வாயிலில் நின்றுபோன நூலையே பாரதம் என்று பயின்று வந்துள்ளோம்.

ஏட்டில் நின்றதை ஊர் நிறைவு செய்தது. வடதமிழகத்துத் திரௌபதியம்மன் விழாக்களில் படுகளத்தன்று துரியோதனனின் பெரிய மண்ணுருவம் வெளியில் கிடத்தப்படும். அதனருகே கூத்தர், மாண்டவன் வீட்டுப் பெண்ணாக வேடமேற்று ஒப்பாரி வைப்பர். பாண்டவர் பக்கம் நின்று விழா எடுக்கும் ஊர், பகைவன் வீட்டு அழுகையையும் இருந்து கேட்கிறது. பின்னரே தீமிதி, அதன்பின் தருமர் பட்டாபிடேகம். களத்துக்கும் முடிசூட்டுக்கும் இடையே ஓர் ஒப்பாரியையும் ஒரு நெருப்பையும் வைத்த மக்களின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. புலவர் பெருமக்கள் கூத்தை இழிவாக எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அது வேறு கதை.

கடல் கடந்த நாடுகளிலும் சமயங்கள் இதே வினாவை எதிர்கொண்டன. களத்தில் கொன்றவர் ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே தங்கித் தூய்மை பெற்று உள்ளே வரவேண்டும் என்று விவிலியத்தின் எண்ணாகமம் விதிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராயிருந்த புனித பசில், போரில் கொல்வதை முன்னோர் கொலையாகக் கருதவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஆயினும் கைகள் தூய்மையற்றவை ஆதலின் மூன்றாண்டுகள் நற்கருணை பெறாதிருத்தல் நலம் என்று எழுதினார்.

இவற்றுள் மிக வியப்பானது இங்கிலாந்துச் செய்தி. 1066-ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றான். திருத்தந்தையின் ஆதரவு அவன் பக்கம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அப்படியிருந்தும் சில ஆண்டுகளுக்குள் நார்மன் ஆயர்கள் வென்ற படைக்கே தவமுறை விதித்தனர். திருத்தந்தையின் தூதர் எர்மென்பிரிட் அதனை உறுதி செய்தார். கொன்ற ஆள் ஒருவனுக்கு ஓராண்டு தவம். வெட்டுண்டவன் இறந்தானா பிழைத்தானா என்று தெரியாவிடின் ஆளுக்கு 40 நாள். எத்தனை பேர் என்ற கணக்கே அறியாதவன் வாழ்நாள் முழுதும் வாரத்தில் ஒரு நாள் நோற்க வேண்டும், அல்லது ஒரு கோயிலைக் கட்டியோ அதற்கு நிவந்தம் அளித்தோ ஈடு செய்யலாம். எவரையும் வெட்டாது வெட்ட விரும்பியவனுக்கும் மூன்று நாள் உண்டு.

கணக்குப்பிள்ளையின் பேரேடு போல் இருக்கிறதே என்று நகைக்கத் தோன்றும். ஆயினும் அம்முறையில் வில்லாளர்க்கென்று ஒரு விதி தனியே உள்ளது. தொலைவில் நின்று எய்பவன் தன் அம்பு யாரைக் கொன்றது என்று அறியான். ஆதலின் அவன் மூன்று தவக்காலங்கள் நோற்க வேண்டும் என்பது அது. அறியாமல் கொன்றவனுக்கும் நெஞ்சில் சுமை உண்டு என்று ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு சமய மன்று உணர்ந்திருந்தது. திரையைப் பார்த்து ஆயிரம் காவதத்துக்கு அப்பால் ஆளில்லா விமானத்தைச் செலுத்தும் இன்றைய வீரன் அந்த வில்லாளனின் வழித்தோன்றல் அல்லனோ? வருத்தத்திற்குரியது என்னவென்றால், 1095-இல் இரண்டாம் அர்பன் சிலுவைப் போருக்கு அழைத்தபோது நிலை தலைகீழாயிற்று. போருக்குப் பின் வைத்த தவம் போய், போரே தவமாகிவிட்டது. சமயம் புண்ணை ஆற்றவும் கூடும், புண் செய்யும் வாளைத் தீட்டித் தரவும் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினரிடையே 'எதிரி வழி' என்னும் சடங்கு வழங்குகிறது. களத்தில் மாண்டோரின் ஆவிகள் மீண்டவனைத் தொடர்கின்றன என்பது அவர்தம் நம்பிக்கை. 1942-இல் தம் தாய்மொழியையே மறைமொழியாக்கி அமெரிக்கக் கடற்படை வீரர்க்கு உதவிய முதல் 29 நவஹோ வீரருள் ஒருவர் செஸ்டர் நெஸ். ஊர் திரும்பிய பின்னும் ஜப்பானியர் உருவங்கள் தம்மை விடாது வாட்டியதையும், குடும்பத்தார் சடங்கு செய்வித்துத் தம்மை மீட்டதையும் 2011-இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் அவர் விவரித்துள்ளார். அச்சடங்கு பல நாள் நடப்பது; பாடுவோர், உறவினர், அண்டை அயலார் எல்லோரும் கூடவேண்டும். ஒருவன் நோயை ஓர் ஊர் தன் செலவில், தன் உழைப்பில் சுமக்கிறது. தனியறையில் மணிக்கணக்கு வைத்துக் கேட்கும் மருத்துவத்துக்கு இது எளிதில் வாய்ப்பதன்று.

வியட்நாமியப் பௌத்தத் துறவி திக் நாட் ஹான், தம் நாட்டை எரித்த படையின் முன்னாள் வீரர்களையே அமெரிக்காவில் தியான முகாம்களுக்கு அழைத்தார். அவர் பலமுறை எடுத்துரைத்த நிகழ்ச்சி ஒன்று இங்கு நினையத்தக்கது. தோழர்கள் கொல்லப்பட்ட சினத்தில் வீரன் ஒருவன் ரொட்டித் துண்டுகளுக்கு இடையே வெடிமருந்தை வைத்து விட்டு மறைந்திருந்தான். பகைவர் வரவில்லை, ஐந்து குழந்தைகள் வந்து உண்டன, ஐந்தும் மாண்டன. ஊர் திரும்பிய அவன் குழந்தைகள் இருக்கும் அறையில் இருக்கவே ஒவ்வாதவன் ஆனான். பல ஆண்டுகளில் தாய் ஒருத்தியிடமே அதைச் சொன்னான். போர் என்றால் அப்படித்தான் என்று அவள் தேற்றினாள். அத்தேறுதல் பலிக்கவில்லை. தருமனுக்குத் தம்பியர் சொன்ன தேறுதலும் இதுவே.

துறவி அவனிடம், உன்மேல் குற்றமில்லை என்று சொல்லவில்லை. ஐந்து குழந்தைகளைக் கொன்றாய் என்பதை ஏற்றுக்கொண்டே பேசினார். இன்று, இந்த நாழிகையில், ஒரு மாத்திரை இல்லாமையால் உலகெங்கும் குழந்தைகள் மடிகின்றன; அவற்றைக் காக்க உனக்குக் கையுண்டு; ஐந்தைக் கொன்றவன் ஐம்பதைக் காக்க இயலும் என்றார். அந்த மனிதன் அப்பணியில் இறங்கி மீண்டான் என்பது துறவி கூறிய செய்தி. மன்னிப்பை அவர் வழங்கவில்லை. இறந்த குழந்தைகளின் பெயரால் மன்னிக்க அவருக்கு உரிமை ஏது? அவர் வழங்கியது வேலை. போரில் பீரங்கி ஹெலிகாப்டரில் பணியாற்றி, பின்னர் இத்துறவியின் முகாமொன்றில் திருப்பம் பெற்ற கிளாட் தாமஸ் 1995-இல் தாமே ஜென் துறவியானதும் இவ்வழியில் விளைந்ததே.

அண்மைக் காலத்தில் பிலடெல்பியா நகரின் படைவீரர் மருத்துவமனையில் சமயப் பணியாளர் கிறிஸ் அன்டால், உளவியலாளர் பீட்டர் யோமன்ஸ் ஆகிய இருவரும் ஒரு முறையை வகுத்தனர். சிறு குழுவாக வீரர்கள் பன்னிரண்டு வாரம் கூடிப் பேசுகின்றனர். இறுதியில் ஊர்மக்களை அழைத்து, விரும்பும் வீரர் தாம் செய்ததையும் கண்டதையும் அவர்முன் சொல்கின்றனர். கேட்டு முடித்த மக்கள் கைதட்டுவதில்லை. வீரர்களைச் சூழ்ந்து நின்று, உங்களை அனுப்பியவர்கள் நாங்கள், உங்கள் செயலில் எங்களுக்கும் பங்குண்டு என்னும் பொருள்படச் சேர்ந்து உரைக்கின்றனர்.

இதைக் கேட்கும் சைவ அன்பர்க்குப் பெரியபுராணத்துச் சிறுத்தொண்டர் நினைவுக்கு வருவார். பரஞ்சோதியார் வாதாபியைத் துகளாக்கி வென்று வந்தார். வரலாற்று ஆசிரியர் அதனைக் கி.பி. 642-இல் வைப்பர். அவர் சிவனடியார் என்று அமைச்சர் கூறக் கேட்ட மன்னன் நடுங்கினான். அடியாரைக் கொடிய போர்முனைக்கு விடுத்த தன் பிழையைப் பொறுக்குமாறு வேண்டினான். பொருள் கொடுத்துத் திருத்தொண்டுக்கு விடுத்தான். சென்றவர் அன்று, அனுப்பியவரே பிழை பொறுக்க வேண்டிய காட்சி உலக இலக்கியத்தில் எளிதில் கிடைப்பதன்று. உண்மையை மறைக்காது சொல்வதானால், மன்னன் நாணியது அடியாரை அனுப்பியதற்கே. வாதாபியில் மாண்டோர்க்காக அன்று. சிறுத்தொண்டரும், தம் குலத்துக்கு அடுத்த பணியே செய்ததாகவும் அதில் தீங்கில்லை என்றும் விடை கூறினார். சேக்கிழார் சொல்லாததை அவர் வாயில் ஏற்றுதல் தகாது.

இவற்றால் இன்றைய கோயில், தேவாலயம், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றைச் சூழ்ந்த மக்கள் கொள்ளத் தக்கது யாது? மாலையும் மேடையும் எளிது. ஆண்டுக்கொருமுறை கொடி ஏற்றி, முன்னாள் வீரர்க்குப் பொன்னாடை போர்த்துவதும் எளிது. நெஞ்சில் அறப்புண் உள்ளவனுக்கு அப்பொன்னாடை வெந்த உடம்பின்மேல் போர்த்த கம்பளி. அவனை வீரன் என்பதும் வாதை. கொலைகாரன் என்பதும் வாதை. அவன் வேண்டுவது கேட்பவரை. கேட்டு, முகம் சுளிக்காமலும், கண்ணீர் பெருக்கி அவனே கேட்பவரைத் தேற்றும்படி செய்யாமலும், மறுநாள் ஊரெல்லாம் பரப்பாமலும் இருப்பவரை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சொற்பொழிவுக்கு அவன் கதையை எடுத்துக்காட்டாக்கிக் கொள்ளும் போதகர், புண்ணில் கோலிட்டவராவார்.

விரைந்து மன்னிப்பதும் ஆகாது. இறைவன் எல்லாம் பொறுப்பான் என்று முதல் நாளே சொல்லி அனுப்பிவிட்டால், சொன்னவர்க்குக் கடமை முடிந்தது. கேட்டவன் தன் சுமையோடு படியிறங்கிப் போகிறான். சடங்கு நாள் கேட்கும். தவம் ஆண்டு கேட்கும். அவ்வாறே, தலைவரால் ஏமாற்றப்பட்டவனிடம் மனம் வருந்தி மன்னிப்புக் கேள் என்று சொல்வது கொடுமை. அவனுக்கு வேண்டியது மன்னிப்பன்று, உனக்கு அநீதி நடந்தது என்னும் ஒப்புதல். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவனை வழிபாட்டில் மட்டும் அமர்த்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லாதிருப்பது பெரும் பிழை. திரும்பிய வீரர் எல்லோர்க்கும் இப்புண் உண்டு என்று எண்ணுவதும் பிழையே. பலர் நிம்மதியாகத் தோட்டம் போட்டுப் பேரன் பேத்தியரோடு வாழ்கின்றனர்.

இன்னும் ஒரு வினா எஞ்சியுள்ளது. யாரிடம் சொல்வது?

முடிசூடிய எட்டாண்டின்பின் கலிங்கத்தை வென்ற அசோகன், தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில், ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை இலட்சம் பேர் சிறைபிடித்துக் கொண்டுசெல்லப்பட்டனர், அதன் பன்மடங்கினர் மடிந்தனர் என்று பொறித்து வருந்தினான். வென்றவன் தன் வெற்றியைத் தானே துயரம் என்று எழுதிய கல் அது. வருந்தும்போதே காட்டுவாழ் மக்களுக்குத் தன் ஆற்றலை நினைவூட்டவும் அவன் தவறவில்லை. சோழர் பாண்டியர் பெயர்களும் அக்கல்லில் உள்ளன. அறத்தால் வென்ற எல்லைகளுள் தமிழகத்தையும் அவன் எண்ணிக்கொண்டான். வடமேற்கில் ஷாபாஸ்கடியிலும் தெற்கே எர்ரகுடியிலும் அக்கல்வெட்டு உண்டு. கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகடா ஆகிய இரண்டு பாறைகளில் அது இல்லை. அவ்விடத்தில் வேறு இரு கல்வெட்டுகள் உள்ளன. குடிமக்கள் எல்லோரும் என் மக்கள் என்னும் பொருள்பட அவை பேசுகின்றன. தோற்றவர்க்குத் தோல்வியை நினைவூட்ட வேண்டா என்று அரசன் கருதியிருக்கலாம் என்பர் ஆய்வாளர். காரணம் எதுவாயினும், உலகுக்கெல்லாம் சொன்ன வருத்தத்தை இழந்தவரிடம் அவன் சொல்லவில்லை.

1967-இல் படைப்பணிக்காக வியட்நாம் சென்ற சக் சியர்சி என்னும் அமெரிக்கர், 1995 முதல் ஹனோய் நகரிலேயே தங்கிப் பணியாற்றலானார். வெடிக்காமல் மண்ணில் புதைந்து கிடக்கும் குண்டுகளை அகற்றும் அமைப்பு ஒன்றை 2001-ஆம் ஆண்டு குவாங் திரி மாநிலத்தில் அந்நாட்டினரோடு சேர்ந்து தொடங்கினார். போர் முடிந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அங்கே உழவர் கலப்பையிலும் சிறுவர் கையிலும் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. குண்டு வீசிய நாட்டிலிருந்து வந்த நரைத்த தலையினரும், குண்டு விழுந்த ஊரில் பிறந்த இளைஞரும் சேர்ந்து அவ்வயல்களைச் சாண் சாணாகச் சோதிக்கலாயினர்.